சொல்தா வீட்டு அலமாரி

புதுச்சேரியில் சில பெரியவர்கள், தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் காகிதத்தில் நிரூபித்தாக வேண்டும். பிரான்சிலிருந்து வாழ்வுச் சான்றுப் படிவம் வரும். கையெழுத்தும் முத்திரையும் வாங்கித் திருப்பி அனுப்பினால்தான் பென்ஷன் தொடரும். அனுப்பத் தவறினால் நின்றுவிடும். பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு, இஸ்திரி கலையாத சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக அந்த வேலைக்குக் கிளம்புகிறவரை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்.

ஊருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் இவ்வளவுதான். “அவருக்கென்ன, பிரெஞ்சு பென்ஷன்” என்று ஒரு முழு வாழ்க்கையையும் மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். இறந்த பிறகு தெருமுனையில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ‘ஓய்வுபெற்ற பிரெஞ்சு ராணுவ வீரர்’ என்று ஒரு வரி இருக்கும். எந்த நாட்டில் இருந்தார், எந்தச் சண்டையைப் பார்த்தார், மூத்த பிள்ளையின் முகத்தை முதன்முதலாக எப்போது பார்த்தார் என்பதெல்லாம் அதில் இருக்காது. பல வீடுகளில் பிள்ளைகளுக்கே தெரியாது.

கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைத் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகிறோம். செல்ஃபி எடுக்கிறவர்களில் பலருக்கு அது யாருக்காகக் கட்டியது என்று தெரியாது. முதல் உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் எழுந்தது அது. பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாத கடல் புதுச்சேரியுடையது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு அன்று சலங்குப் படகில்தான் போக வேண்டியிருந்தது. இந்த மண்ணில் பிறந்து, கடுங்குளிர் என்றால் என்னவென்று அறியாத இளைஞர்கள் அப்படிக் கிளம்பிப் பிரான்சின் பதுங்குகுழிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்தது இரண்டாம் உலகப் போர். பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பிறகு, 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் புதுச்சேரியை, ஜெர்மனியை எதிர்த்துத் தொடர்ந்து போரிட்ட பிரெஞ்சுத் தலைவர் தெகோல் பக்கம் சேர்த்தார். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் மிக முன்னதாக அப்படிச் சேர்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. இங்கிருந்து தொண்டர் படையினர் போனார்கள். போர் முடிந்ததும் இந்தோசீனா, அதன்பின் அல்ஜீரியா. இன்று எண்பது, தொண்ணூறு வயதில் மீந்திருக்கும் மூத்த சொல்தாக்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் போர்களின் தலைமுறை.

இங்கே சங்கடமான உண்மை ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அவர்களுக்கு அஞ்சலி எழுதுவது பொய்யாகிவிடும். 1946 முதல் 1954 வரை இந்தோசீனாவில் நடந்தது, விடுதலை கேட்ட வியட்நாமியரை அடக்கும் போர். அதே ஆண்டுகளில் இங்கே வ. சுப்பையா போன்றவர்கள் பிரெஞ்சு ஆட்சியே வேண்டாம் என்று போராடிக்கொண்டிருந்தார்கள். 1954 மே 7-ஆம் தேதி வியட்நாமில் பிரெஞ்சு ராணுவத் தளமான தியென் பியென் பூ வீழ்ந்தது. அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்ததும் அதே 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான். சொந்த ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய நாளில் தொடங்கிய ஒரு போரில், அந்தக் கொடியின் கீழ் நிற்கப் போனவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

துரோகம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வறுமையில் இருந்த வீட்டின் மூத்த பையன், மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலைக்குப் போனான். ஆங்கிலேய இந்தியாவில் ராணுவத்துக்குப் போன வேலூர், திருச்சிப் பையன்களும் அப்படிப் போனவர்கள்தான். தங்கைகளின் கல்யாணம், தம்பியின் படிப்பு, ஓட்டு வீட்டுக்குப் பதில் ஒரு மாடி வீடு. கொள்கை என்று எதையாவது சொல்லச் சொன்னால் அவன் இதைத்தான் சொல்லியிருப்பான்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். அவர் வீட்டு இரும்பு அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கெட் டப்பா ஒன்று இருக்கும். அதற்குள் பதக்கங்கள். மஞ்சள் நாடாவில் இருபுறமும் பச்சைக் கரை போட்டது ராணுவப் பதக்கம். வெளிர் நீலத்தில் சிவப்புக் கோடுகள் ஓடுவது போர்வீரர் சிலுவை. டப்பாவுக்குக் கீழே, நாப்தலின் வாசனையோடு இரண்டு சிறு புத்தகங்கள். ஒன்று ராணுவப் பணிப் பதிவேடு. சேர்ந்த தேதி, படைப்பிரிவு, போன நாடுகள், காயங்கள், விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று குடும்பப் பதிவேடு. கல்யாணத்தின்போது பிரெஞ்சு அரசு கொடுப்பது. பிள்ளை பிறக்கப் பிறக்க அதிகாரி ஒவ்வொரு பக்கமாக எழுதி முத்திரை வைப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதிகளை ஒப்பிட்டால் போதும், அந்த மனிதரின் வாழ்க்கை விளங்கிவிடும். பிள்ளை பிறந்தது இங்கே, அப்பா இருந்தது எங்கோ.

தெருப் பையன்கள் அவரிடம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“தாத்தா, எத்தன பேர சுட்டீங்க?”

“போடா, போய் ரொட்டி வாங்கிட்டு வா. ஆறிடப் போவுது.”

அவர் வாயிலிருந்து வந்த போர்க்கதை அவ்வளவுதான். மற்றபடி பேச்சுக்குக் குறைவில்லை. ஆயாவோடு சண்டை, சீட்டாட்டத்தில் ஏமாற்றியவனோடு சண்டை, தண்ணீர்க் குழாய்க்காக நகராட்சியோடு சண்டை. கோபம் வந்தால் பிரெஞ்சில் ஒரு வசவு. எங்கள் தெருப் பிள்ளைகள் பலரும் முதலில் கற்ற பிரெஞ்சுச் சொல் அதுதான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளலாம்.

பெரும் போர்கள் ஓய்ந்த பிறகும் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போகும் வழக்கம் நிற்கவில்லை. அதற்குக் காரணம் 1956 மே 28-ஆம் தேதி இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே தில்லியில் கையெழுத்தான ஒப்பந்தம். அது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்டவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்களோ பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். அவர்களில் ராணுவத்தார் பலர். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் ஒரு தேசம், தம்பி ஒரு தேசம் என்று ஆன வீடுகள் இப்படித்தான் உண்டாயின.

குடியுரிமை இருந்த வீட்டுப் பையன்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருந்தது. 1997-இல் சட்டம் மாறி அது நிறுத்தப்படும் வரை பலர் போனார்கள். சிலர் அங்கேயே நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்குப் பதினைந்து வருடம் முடிந்தால் பென்ஷன் உண்டு என்பது அன்றைய விதி. பத்தொன்பது, இருபது வயதில் போனவர் முப்பத்தைந்தில் ஓய்வுபெற்ற மனிதராகத் திரும்புவார். ரெட்டியார்பாளையத்திலும் நெல்லித்தோப்பிலும் காரைக்காலிலும் அப்படி எத்தனையோ பேர். அந்தப் பதினைந்து வருடமும் ஜிபுத்தி, சாத், ரெயூனியன், ஜெர்மனியில் இருந்த பிரெஞ்சு முகாம்கள் என்று ஓடியிருக்கும். மனைவி கூடப் போன வீடுகள் உண்டு, போகாத வீடுகளும் உண்டு. போகாத வீட்டில் அப்பா என்றால் ஒரு கடிதம், ஒரு மணியார்டர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒரு பெட்டி.

திரும்பி வந்தவர் அதற்கெல்லாம் ஈடுகட்டப் பார்ப்பார். பேரப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவது, மாலையில் பெத்தாங் என்னும் பிரெஞ்சு விளையாட்டில் குண்டு உருட்டுவது, ஞாயிற்றுக்கிழமை தானே சமைப்பது. சைகோனில் இருந்தவர்கள் சிலர் அங்கேயே மணம் முடித்து வியட்நாமிய மனைவியோடு ஊர் திரும்பினார்கள். அந்த ஆயாக்களிடமிருந்து வந்ததுதான் புதுச்சேரி வீடுகளில் பொரிக்கும் ‘நெம்’. அரிசித் தாளில் கறியும் சேமியாவும் சுருட்டிப் பொன்னிறமாகப் பொரித்து, மீன் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுவது. கிறிஸ்துமஸ் வந்தால் அக்கம்பக்கத்துக்கும் ஒரு தட்டு போகும். தமிழைக் கொஞ்சம் கொச்சையாகப் பேசி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அந்தப் பெண்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

பென்ஷன் பணம் சில அசிங்கங்களையும் கொண்டுவந்தது. கணவர் இறந்தால் மனைவிக்குப் பாதி வரும் என்பதால் எழுபது வயதுக்காரருக்கு இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் கட்டிவைத்த கதைகள் ஊருக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை என்றால் வரதட்சணையின் கணக்கே வேறு. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்தா என்றதும் இது மட்டுமே நினைவுக்கு வருகிறது என்றால், குற்றம் அவர்மேல் இல்லை.

பணம் என்று சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போரில் நின்றவர்களுக்கென்று பிரான்ஸ் தனியே ஒரு சிறு தொகை தருகிறது. ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே தொகை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1959 டிசம்பரில் வந்த ஒரு நிதிச் சட்டம், பழைய குடியேற்ற நாடுகளைச் சேர்ந்து அந்தந்த நாட்டுக் குடிமக்களாகிவிட்ட வீரர்களின் பென்ஷனை இருந்த தொகையிலேயே உறையவைத்தது. விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. செனகல்காரரும் அல்ஜீரியரும் தங்களோடு பக்கத்தில் நின்று சுட்ட பிரெஞ்சுக்காரர் வாங்கியதில் சிறு பங்கை மட்டும் வாங்கினார்கள். வட ஆப்பிரிக்க வீரர்களைப் பற்றி 2006-இல் ஒரு திரைப்படம் வந்து பிரான்சின் மனச்சாட்சியைக் கிள்ளிய பிறகுதான் விஷயம் அசைந்தது. கடைசியில் 2010 மே 28-ஆம் தேதி, அந்த வேற்றுமை செல்லாது என்று பிரான்சின் அரசியலமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊர் ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக 54 ஆண்டு. தற்செயல்தான். ஆனால் அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-ஆம் தேதி, கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தின் கதவு திறக்கும். முந்தின இரவு விளக்கேந்தி ஊர்வலம் போவார்கள். காலையில் மூவர்ணங்கள் இரண்டும் ஏறும், இரண்டு தேசிய கீதங்களும் ஒலிக்கும். முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11-ஆம் தேதி மலர்வளையம் வைப்பார்கள். பதக்கம் குத்திய கோட்டுகளின் வரிசை வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மூத்த வீரர்கள் கூடிப் பேசும் ‘ஃபுவாயே துய் சொல்தா’விலும் அதே நிலைதான். மரியாதை எல்லாம் குறைவின்றி நடக்கிறது. ஆனால் சடங்கு செய்கிறவர்களால் ஒரு மனிதரின் கதையைக் காப்பாற்ற முடியாது. வீட்டார்தான் காப்பாற்ற வேண்டும்.

வீட்டில் ஒரு சொல்தா இருந்தால், அல்லது இருந்திருந்தால், அந்த அலமாரியை இந்த வாரமே திறந்து பாருங்கள். இரண்டு பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறம் ஆள், இடம், வருடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய ஆயா இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பணிப் பதிவேடு தொலைந்திருந்தால், ராணுவத்தாரின் தனிக் கோப்புகள் பிரான்சின் ‘போ’ நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நேரடி வாரிசுகள் கடிதம் எழுதிக் கேட்கலாம். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் அட்டைகளைப் பிரெஞ்சுப் பாதுகாப்புத் துறை ‘மெமுவார் தெ சோம்’ இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பெயரைத் தேடும்போது பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும், அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காகிதங்களை வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் ஆய்வு நிறுவனங்களிடம் பேசிப் பாருங்கள், பழைய பேப்பர்க்காரரிடம் மட்டும் எடை போட்டுவிடாதீர்கள்.