உங்களுக்குத் தெரியுமா? பளிங்குச் சிலையின் பூர்வீகம்

★ பழங்கால கிரேக்கத்தில் பளிங்கு ஒரே இடத்தில் வெட்டப்படவில்லை. பாரோஸ், நக்சோஸ், தாசோஸ் தீவுகள், ஏதென்ஸை ஒட்டிய பெண்டெலி மலை எனக் குவாரிகள் பல. எல்லாமே வெள்ளைக் கல். வெறும் பார்வையை நம்பி ஊர் சொன்னவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

★ முதல் துப்பு, கல்லின் பரல். 1890-ல் ஜெர்மன் புவியியலாளர் ரிச்சர்ட் லெப்சியஸ், பளிங்கை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். பெண்டெலி கல்லில் பரல்கள் பொடியானவை, சுமார் 1 மி.மீ. அளவே. நக்சோஸ் கல்லில் அவை பெரிது, வெறுங்கண்ணுக்கே பளபளக்கும்.

★ 1972-ல் ஹார்மன் கிரெய்க், வலெரி கிரெய்க் தம்பதி 'சயின்ஸ்' இதழில் புதுவழி காட்டினார்கள். நான்கு குவாரிப் பகுதிகளில் எடுத்த 170 மாதிரிகளில் கார்பன்-13, ஆக்சிஜன்-18 ஆகிய கன ஐசோடோப்களின் விகிதத்தை அளந்தார்கள். குவாரிக்குக் குவாரி அது மாறியது!

★ இதற்காகச் சிலையை உடைக்க வேண்டாம். மறைவான இடத்தில் சுரண்டிய சில மில்லிகிராம் தூள் போதும். பாஸ்பாரிக் அமிலம் பட்டதும் தூளிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். நிறை நிறமாலைமானி அந்த வாயுவில் ஐசோடோப் விகிதத்தைக் கணக்கிட்டுவிடும்.

★ இரண்டு குவாரிகளின் விகிதம் ஒத்துப்போனால்? எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுவார்கள். கல்லில் துளியளவு கலந்திருக்கும் மாங்கனீசு ஒளிரும்: பொதுவாகக் கல்லின் கனிமம் கால்சைட் என்றால் ஆரஞ்சாக, டோலமைட் என்றால் சிவப்பாக. தாசோஸின் வாத்தி முனைப் பளிங்கு டோலமைட் வகை என்பதால் எளிதில் பிடிபட்டுவிடும்.

★ ரோமப் பேரரசர் அகஸ்டஸின் புகழ்பெற்ற பிரைமா போர்ட்டா சிலை 1863-ல் ரோம் அருகே கிடைத்தது. ஆய்வில் தெரிந்த பூர்வீகம், கிரேக்கத்தின் பாரோஸ் தீவு! அந்த உயர்ரகக் கல்லை நிலத்தடிச் சுரங்கத்தில் விளக்கொளியில் வெட்டினார்கள்.

★ அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் 1985-ல் வாங்கிய இளைஞன் சிலையின் கல், தாசோஸ் டோலமைட் என்று ஆய்வு காட்டியது. ஆனாலும் அது பழஞ்சிலையா, போலியா என்ற சர்ச்சை ஓயவில்லை. 'சுமார் கி.மு. 530, அல்லது நவீனப் போலி' என்றே அருங்காட்சியகம் குறிப்பு எழுதியது. கல்லின் ஊர் மட்டும் சிலையின் வயதைச் சொல்லிவிடாது: தாசோஸில் இன்றும் பளிங்கு வெட்டுகிறார்கள்.