கண்காணிப்பு, கவனிப்பு: நெஞ்சுக்குள் இருக்கும் கருவி குறித்துச் சில குறிப்புகள்

செங்கோட்டையில் என் அத்தையின் கட்டில் தலைமாட்டில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ அளவு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தைக்கு இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். ராத்திரி அவள் தூங்கிய பிறகு உள்ளே இருக்கும் கருவி இந்தப் பெட்டியோடு பேசும். பெட்டி செல்போன் கோபுரத்தோடு பேசும். அங்கிருந்து செய்தி கருவி செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் கணினிக்குப் போய், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைத் திரையில் வந்து நிற்கும். அத்தை ஒருநாள் கேட்டாள்: "ஏல, நான் ஒறங்கினப்புறம் இது யாருட்டல பேசுது? என்னயப் பத்தி என்னத்தச் சொல்லுது?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே தெரியாது என்பது உறைத்தது. நான் மருத்துவன் இல்லை. அத்தையை மதுரைக்கு அழைத்துப் போய் வருகிறவன். ஒப்புதல் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்ட இடத்தைக் காட்டிக் கொடுத்தவனும் நான்தான். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது.

முதலில் கருவி. இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்கும் வழியில் தடைப்பட்டால் நாடி முப்பது, நாற்பது என்று விழுந்துவிடும். தலைசுற்றும், மயக்கம் வரும். அந்தத் துடிப்பைத் தானே தருவதுதான் பேஸ்மேக்கரின் வேலை. 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதன்முதலாக ஒரு பேஸ்மேக்கர் முழுசாக உடம்புக்குள் வைக்கப்பட்டது. சில மணி நேரத்தில் நின்றுவிட்டது. மாற்றினார்கள், மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இருபதுக்கு மேற்பட்ட கருவிகளைக் கண்டு, முதல் கருவியைச் செய்த பொறியாளர் எல்ம்க்விஸ்ட், அதை வைத்த அறுவை மருத்துவர் சென்னிங் இருவரும் போன பிறகும் இருந்து, 2001இல்தான் லார்சன் இறந்தார். இதயம் எப்படி இருக்கிறது என்ற கவலையோடு கருவி எப்படி இருக்கிறது என்ற இரண்டாம் கவலையும் அவரோடு பிறந்துவிட்டது.

அந்த இரண்டாம் கவலைக்காகத்தான் 1970களில் அமெரிக்காவில் தொலைபேசி வழியாகப் பேஸ்மேக்கரைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். நியூயார்க்கின் சீமோர் ஃபர்மன் இதில் முன்னோடி. துடிப்பை ஒலியாக மாற்றும் ஒரு சிறு கருவியின்மேல் நோயாளி ரிசீவரை வைப்பார்; அந்த ஒலி கம்பி வழியே மருத்துவமனைக்குப் போகும். (அதே காலத்தில் செங்கோட்டையிலிருந்து பம்பாய்க்கு ஒரு ட்ரங்க் கால் கிடைக்க அரைநாள் காத்துக் கிடந்ததாக அப்பா சொல்வார்.) 2000ஐ ஒட்டி இது கம்பியில்லாமல், நோயாளி எதுவும் செய்யாமலே, தானாக நடப்பதாக மாறியது.

என்னத்தச் சொல்லுது? பேட்டரி எவ்வளவு மிச்சம். இதயத்துக்குள் இறங்கியிருக்கும் கம்பியின் மின்தடை எவ்வளவு: திடீரென்று ஏறினால் கம்பி முறிந்திருக்கலாம், இறங்கினால் அதன் உறை கிழிந்திருக்கலாம். நூறு துடிப்பில் எத்தனை அத்தையுடையது, எத்தனை கருவியுடையது. மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்கியதா, எவ்வளவு நேரம். இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அப்படி நடுங்குவது பல பேருக்குத் தெரியவே தெரியாது. உள்ளே ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போய், கை கால் விழுந்த பிறகுதான் தெரியும். முன்கூட்டியே கண்டால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தரலாமா என்று மருத்துவர் யோசிக்க முடியும்.

ஆனால் "தொலைவிலிருந்து நிர்வகித்தல்" என்ற சொல் கொஞ்சம் ஏமாற்று. பேச்சு பெரும்பாலும் ஒருவழிதான். கருவியின் அமைப்பை மாற்ற வேண்டுமானால் அத்தை மதுரைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். 2017இல், வெளியாட்கள் கம்பியில்லாத் தொடர்பு வழியாக நுழைந்துவிடக்கூடும் என்று கண்டு, அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களின் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. அதற்கும் ஒவ்வொருவரும் நேரில்தான் போகவேண்டியிருந்தது. பெட்டி ஆம்புலன்ஸையும் கூப்பிடாது. நெஞ்சு வலித்தால் 108ஐ அழைக்கவேண்டியது நாம்தான்.

இந்த இடத்தில் பூக்கோவைக் கூப்பிடுவது நம் சிறுபத்திரிகை வழக்கம். பெந்தாமின் வட்டச் சிறை, பார்க்கப்படுகிறோம் என்ற உணர்விலேயே தன்னைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் உடல், மருத்துவ நோக்கு. நானும் இரண்டு மாசம் அப்படித்தான் யோசித்தேன். நெஞ்சுக்குள்ளேயே ஒரு காவல்கோபுரம் என்று ஒரு வாக்கியம்கூட எழுதி வைத்திருந்தேன். அதை அடிக்கவேண்டியதாயிற்று. நம் சூழலில் மூத்த நோயாளியின் துயரம் ஓயாமல் பார்க்கப்படுவதில் இல்லை. பார்க்க ஆளில்லாமல் போவதில் இருக்கிறது.

தமிழில் "கண்காணி" என்ற சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துப் போனவன் கங்காணி. கூலிகளின் தலைகளை எண்ணியவன், எண்ணிக்கைக்கு ஏற்பக் காசு வாங்கியவன். கூலிக்குக் காய்ச்சல் என்றால் அவன் பேரேட்டில் அது ஒரு தலை குறைவு. அவன் எண்ணியது கண்காணிப்பு. பக்கத்து லயத்துக்காரி கஞ்சி வைத்துக் கொடுத்தது கவனிப்பு. பெட்டி செய்வது இதில் எது?

ஆய்வுகளைத் தேடிப் பார்த்ததில் விஷயம் சுவாரஸ்யமாகவே இருந்தது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீட்டுப் பெட்டி இருந்தவர்களிடம் கோளாறு இரண்டு நாளுக்குள் மருத்துவர் கண்ணில் பட்டது. இல்லாதவர்களிடம் முப்பத்தாறு நாளாயிற்று. 2014இல் வெளியான "இன்-டைம்" ஆய்வில் இதயச் செயலிழப்பு உள்ள 664 பேர். ஒரு வருஷத்தில் பெட்டி வழியாகப் பார்க்கப்பட்டவர்களில் 10 பேர் இறந்தார்கள், மற்றவர்களில் 27 பேர். பெட்டிக்கு வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் 2017இல் இங்கிலாந்தில் 1,650 பேரிடம் நடந்த "ரெம்-ஹெச்எஃப்" ஆய்வில் ஒரு வித்தியாசமும் காணோம். கருவிகளும் முறைகளும் வேறு என்று சொல்லலாம், சரிதான். என் கண்ணில் பட்டது வேறு. முதல் ஆய்வில் செய்தி தினமும் வந்தது. லைப்சிக் நகரில் அதற்கென்றே உட்கார்ந்திருந்த ஊழியர்கள் அதைப் படித்து மருத்துவர்களிடம் சொன்னார்கள், நோயாளி வீட்டுக்குப் போன் செய்யும் ஏற்பாடும் இருந்தது. இரண்டாவதில் வாரம் ஒருமுறை. 2023இல் இதயத் துடிப்பு மருத்துவர்களின் சர்வதேச அமைப்புகள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதல், ஆயிரம் நோயாளிகளுக்கு மூன்று முழுநேர ஊழியர் வேண்டும் என்கிறது. பெட்டியின் விலையில் இந்த மூன்று பேர் சம்பளம் அடக்கமா என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

போன ஆனியில், சாரல் விழுந்துகொண்டிருந்த சமயம், வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கட்டிலை உள்ளறைக்கு நகர்த்தினோம். பழைய வீடு, ஒன்றரை அடிச் சுவர், சிக்னல் எடுக்கவில்லை. பெட்டியின் பச்சை விளக்கு மஞ்சளாயிற்று. எட்டு நாள். மதுரையில் அத்தை பெயருக்கு எதிரே தொடர்பில்லை என்று விழுந்திருக்கிறது, அப்படி விழுந்த பல பெயர்களில் ஒன்றாக. யாரும் போன் செய்யவில்லை. நானும் கவனிக்கவில்லை.

கவனித்தது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது; தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள். அவர்கள் நிரந்தர ஊழியர் இல்லை, ஊக்கத்தொகைதான். பி.பி. பார்க்க வந்தவள், "ஆச்சி, இந்த லைட்டு முந்தி பச்சையால்லா இருந்துது?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெட்டி அவள் வேலையில் சேர்த்தியே இல்லை. அதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. ஒரு வீட்டுக்குள் திரும்பத் திரும்ப வந்துபோகிறவளுக்குக் கிடைக்கும் அறிவு அது. நம் கோட்பாட்டுச் சொல்லாடலில் இதற்கு இன்னும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். பெரிய வியாதி என்றால் ஆரியங்காவு தாண்டித் திருவனந்தபுரம் போகும் பழக்கம் இன்னும் விடவில்லை. அங்கே கடைசி மகாராஜாவின் பேரில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கிய இதய வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. வால்வு பேசாது. உள்ளே போனால் அது நோயாளியுடையது, அவ்வளவுதான். பேசும் கருவியின் பேச்சு யாருடையது என்பதுதான் புதுச் சிக்கல். அமெரிக்காவில் ஹியூகோ காம்போஸ் என்ற நோயாளி, தன் நெஞ்சுக்குள் இருக்கும் கருவியின் தரவுகளைத் தனக்கே தரச் சொல்லிப் பல வருஷம் வாதாடினார். நம் நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தகவலின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை எழுத்தில் தருகிறது.

அடுத்த முறை மதுரை போனபோது சட்டத்தையெல்லாம் இழுக்காமல், அறிக்கையின் நகல் வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு எதுக்கு சார், புரியாதே" என்றார்கள். பிறகு கொடுத்தார்கள். நாலு பக்கம். ராத்திரி அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பேட்டரி இன்னும் ஏழு வருஷத்துக்கு. கம்பி சரியாக இருக்கிறது. மேலறை நடுக்கம் பதிவாகவில்லை. நூற்றுக்கு அறுபத்திரண்டு துடிப்பு கருவி தந்தது.

"அப்போ மிச்சம் முப்பத்தெட்டு?"

"உன்னுதுதான் அத்தை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, விளக்கு மஞ்சளானால் கூப்பிடவேண்டிய நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னாள். அந்தப் பெண் வரும்போது அவள் கண்ணிலும் படுகிற மாதிரி, வாசல் பார்த்த சுவரில்.