செவிப்பரிசோதனையும் விளையாட்டும்

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைப் பற்றி எம்மவரிடையே இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும்.' மற்றது, 'ஓட்டிசமாய் இருக்கும்.' இவ்விரண்டுக்கும் முன்னர் கேட்கப்படவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பிள்ளைக்குக் காது கேட்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிடத் திரும்பாமை கேள்விக் குறைபாட்டிலும் வரும், ஓட்டிசத்திலும் வரும். இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்திருப்பதும் உண்டு.

'பிறந்தபோதே காது சோதித்தவை' என்பார்கள். ஒன்ராறியோவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவ்வசதி இருப்பது உண்மையே. ஆனால் பின்னர் உண்டாகும் குறைபாட்டை அப்பரிசோதனை முன்கூட்டிச் சொல்லாது.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எங்களுக்கும் காது சோதிப்பார்கள். ஹெட்போனில் 'பீப்' கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும். சலிப்பூட்டும் காரியம்தான், ஏன் அழுத்துகிறோம் என்பது தெரிந்திருப்பதால் அழுத்துகிறோம். மூன்று வயதுப் பிள்ளையோடு அப்படியொரு உடன்படிக்கை இல்லை. மொழி வராத பிள்ளைக்கு அதை விளங்கப்படுத்தவும் இயலாது.

இச்சிக்கலுக்கு 1947இல் இலண்டனில் டிக்ஸ், ஹோல்பைக் என்ற இருவர் கண்ட வழி அழகானது. ஒலி கேட்கும்போது பிள்ளை பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் வெளிச்சம் வந்து படமொன்று தெரியும். ஒலியில்லாமல் அழுத்தினால் ஒன்றுமே தெரியாது. எங்கள் ஊர்த் திருவிழாக்களில் காசு கொடுத்து எட்டிப் பார்த்த படப்பெட்டிதான். காசுக்குப் பதில் கேட்டல். 1961இல் யப்பானில் சுசுக்கியும் ஒகிபாவும் பொத்தானையும் நீக்கினர். ஒலி வரும் பக்கம் பிள்ளை திரும்பினால் அங்கே பொம்மை ஒளிரும். பவ்லோவை வகுப்பறையில் படிப்பித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. சற்று வளர்ந்த பிள்ளைக்கு, ஒலி கேட்டதும் ஒரு கட்டையை வாளிக்குள் போடும் விளையாட்டு.

இங்கேதான் 'கவர்ச்சி' என்ற சொல்லை நாம் தப்பாக விளங்கிக்கொள்கிறோம். சுவரில் கார்ட்டூன் ஒட்டுவதல்ல விடயம். விளையாட்டு மிஞ்சினால் பிள்ளை கேட்பதை விட்டுவிட்டுக் கட்டைகளை அடுக்கத் தொடங்கிவிடும். ஒளிரும் கரடி ஒரு பிள்ளைக்குப் பரிசு. ஓட்டிசமுள்ள இன்னொரு பிள்ளைக்கு அதுவே பயங்கரம். அப்பிள்ளைக்குச் சுழலும் சில்லு பரிசாகலாம். அது எது என்பதைத் தாயைக் கேட்டால்தான் தெரியும். ஒரு காதுக்கு 500, 1000, 2000, 4000 ஹேர்ட்ஸ் என நான்கு சுருதிகள் என்று வைத்தாலும், எட்டு விடைகள் கிடைக்கும்வரை அந்தப் பரிசு அலுத்துவிடக்கூடாது.

கருவியே சொல்லிவிடாதா என்று கேட்கலாம். உட்காது தானே ஒலி எழுப்புகிறது என்பதை 1978இல் டேவிட் கெம்ப் காட்டினார். அதைப் பதிய பிள்ளையின் ஒத்துழைப்பு அதிகம் தேவையில்லை. எனினும் உட்காது சரியாயிருந்து நரம்பில் பழுது இருக்கலாம். மூளைத்தண்டின் மின்னசைவை அளக்கப் பிள்ளை உறங்கவேண்டும், சிலருக்கு மயக்கமருந்தும் வேண்டும். பிள்ளை தானாகக் காட்டும் விடைக்கு ஈடில்லை.

தொனிகளுக்கு மொழி தேவையில்லை, செய்து காட்டினாற் போதும். சொற்களுக்கு வரும்போதுதான் தமிழ்ப் பிள்ளை இடறுகிறது. ஆங்கிலச் சொற்பட்டியல்களில் பேஸ்போல், கவ்போய், ஹொட்டோக் என்பன வழமையானவை. படத்திலிருக்கும் ஹொட்டோக்கை வீட்டில் 'பாண்' என்று பழகிய பிள்ளை பேசாமல் இருந்தால் அது செவியின் குறையா, பட்டியலின் குறையா? தமிழ்ச் சொற்களையும் வீட்டுப் படங்களையும் பெற்றோர் கொண்டுபோகலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், அது சலுகையல்ல.

போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே வீட்டில் பழக்கலாம். மேசையில் ஒரு தட்டு, தட்டினால் ஒரு கட்டை கிண்ணத்துக்குள். முதலில் பிள்ளையின் கையைப் பிடித்துப் போடவைத்து, பிறகு கையை விடவேண்டும். பிள்ளை பார்க்காதபடி முதுகுக்குப் பின்னால் தட்டுவது அடுத்த படி. பழைய ஹெட்போனை முதலில் பொம்மைக்கும், பிறகு அப்பாவுக்கும், கடைசியில் பிள்ளைக்கும் மாட்டலாம். ஒரே நாளில் முடியாவிட்டால் இன்னொரு நாள் தரும்படி கேட்கவேண்டும். ஒரு காது மட்டும் முடிந்திருந்தாலும் அது முடிவுதான்.