சேரு மரம் பட்டால் முதலில் சோப்பு

தோப்பும்படி: கார்த்திகை பிறந்தால் இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை செய்யும் தமிழர் பலர் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் புறப்படுகிறார்கள். அவர்களில் எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்குக் காட்டுப் பாதையில் நடப்போரும் உண்டு. வெறுங்கால், திறந்த மேனி, தலையில் இருமுடி. யானைக்கும் அட்டைக்கும் பயப்படுகிறவர்கள்கூட, தொட்டால் கொப்புளம் போட வைக்கும் சேரு மரத்தைப் பற்றி அறிந்திருப்பதில்லை.

"சேரு" என்பது மலையாளிகள் வைத்த பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைக் காடுகளில் வளரும் மரம் இது. பட்டையைக் கீறினாலும் கிளையை ஒடித்தாலும் சாறு வடியும். காற்றுப் பட்டதும் அது கறுத்துவிடும். மா, முந்திரி, நம் சேங்கொட்டை எல்லாம் இதன் குடும்பமே. அமெரிக்காவில் மலையேறுவோரை வாட்டும் விஷ ஓக் செடியும் இதே குடும்பந்தான்.

சலவைக்கு வரும் துணிகளில் முன்பு குறி போடப் பயன்பட்டது சேங்கொட்டைச் சாறு. இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்தக் குறி பட்ட இடத்தில் தோல் வெந்துபோனதை 1943-ல் அந்நாட்டு மருத்துவ இதழ் ஒன்று எழுதியது.

இந்தச் சாறு பட்டவுடன் எதுவும் தெரியாது. அதுதான் ஆபத்து. சில நிமிடங்களுக்குள் தோலில் ஒட்டிக்கொள்ளும். அரிப்பும் கொப்புளமும் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே கிளம்பும். ஆற இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். தினக்கூலிக்காரருக்கு அது எத்தனை நாள் சம்பளம் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் ஒரு முறை தப்பியவர் மறுமுறையும் தப்புவார் என்று சொல்ல முடியாது.

சேரு பட்டவர் தான்றி மரத்தைச் சுற்றி வந்தால் குணமாகும் என்பது கேரளத்துப் பழைய நம்பிக்கை. சுற்றுகிறவர் சுற்றட்டும், ஆனால் தான்றியைத் தேடும் நேரத்தில் சாறு தோலில் ஊறிவிடும். முதலில் கழுவ வேண்டும்.

பத்து நிமிடத்துக்குள் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கழுவுவது நல்லது. சோப்பு இல்லாவிட்டால் வெறும் தண்ணீரையாவது தாராளமாக ஊற்ற வேண்டும். நகக்கண்ணை மறக்கக் கூடாது. ஆற்றுக்குள் சோப்புப் போடாமல், தண்ணீரை மொண்டு கரையில் கழுவுவதே முறை. துண்டால் தேய்த்தால் சாறு பரவும். உடுத்திய வேட்டி, கைத்தடி, பை எல்லாவற்றையும் தனியே கழுவ வேண்டும். அவற்றில் ஒட்டிய சாறு பல நாள் கழித்தும் சுடும்.

கொப்புளத்தை உடைக்க வேண்டாம். அதிலுள்ள நீரால் மற்றவருக்கு இது தொற்றாது. முகம், கண், மறைவிடம் வீங்கினாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பெயர் தெரியாத மரத்தை வெட்டி அடுப்பெரிக்கவே கூடாது. புகை மூச்சில் போனால் நுரையீரலையே தாக்கும்.

மலைக்குப் போகிறவர்கள் இருமுடியோடு கொண்டு போகும் பையில் ஒரு துண்டு சோப்பும் வைத்துக்கொள்வது நல்லது.