கிசுகிசுப்பும் கூப்பாடாகக் கேட்கும் உடல்

பிரிக்பீல்ட்ஸிலும் சரி, கிள்ளானிலும் சரி, ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று எழுதிய புட்டிகளுக்குக் கடைகளில் பஞ்சமில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு அடிக்கடி சளி பிடித்தால், பார்க்க வரும் உறவுகள் சொல்வதும் அதைத்தான்: “சக்தி கம்மிம்மா, டானிக் குடு.” இது பாதி உண்மை. மறுபாதி இதற்கு நேர் எதிர்.

கோலாலம்பூர் மகப்பேறு மருத்துவமனையில் நடந்து 1989-இல் வெளியான ஆய்வு, 959 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை டவுன் சிண்ட்ரோமோடு பிறப்பதாகக் கணக்கிட்டது. 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்பது 1959-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கும் ஓயாத சளிக்கும் என்ன உறவு?

வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தும். அந்தச் சேதியைக் கேட்கும் ‘காதுகளை’ உருவாக்கும் ஆறு மரபணுக்களில் நான்கு, 21-இல்தான் இருக்கின்றன. பிரதி ஒன்று கூடினால் காதும் கூடும்; கிசுகிசுப்புகூடக் கூப்பாடாகக் கேட்கும். கிருமியே இல்லாத நேரத்திலும் இந்த எச்சரிக்கை ஓடிக்கொண்டிருப்பதை 2016-இல் அமெரிக்காவின் கொலராடோ ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2022-இல் இன்னொரு குழு கண்டது இதைவிட விசித்திரம்: மிகையாகக் கத்திய உடல் உடனே பிரேக்கையும் அழுத்தமாகப் போடுகிறது, அதனால் அடுத்து வரும் வைரஸை மந்தமாகவே எதிர்கொள்கிறது. இந்த உடலுக்கு டானிக் எதைக் கூட்டப் போகிறது?

மார்பெலும்புக்குப் பின்னால், எதிர்ப்பு அணுக்களான டி செல்களைப் பழக்கும் தைமஸ் சுரப்பியும் இவர்களுக்குச் சிறியது. தடுப்பூசிக்கு உடல் காட்டும் பதில் சற்றுக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடுவது தலைகீழ்க் கணக்கு; இவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. நிமோகாக்கல் ஊசி 2020 டிசம்பரில்தான் மலேசியாவின் இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் வேண்டும்.

எல்லாப் பழியையும் எதிர்ப்பாற்றல் மேல் போடவும் முடியாது. குறுகிய மூச்சுக்குழல், தளர்ந்த தசை, ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும் இதயக் கோளாறு ஆகியவையும் சளியை மார்பில் இறக்கிவிடும். புகைமூட்டக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஓயாமல் உஷாராக இருக்கும் உடல் சில நேரம் தன்னையே தாக்கும். ரொட்டி சானாயில் உள்ள கோதுமைப் புரதம் சிலருக்குக் குடலைப் புண்ணாக்குவது ஒரு வகை. அதைவிட அதிகம் காண்பது தைராய்டு சுரப்பி அடிபடுவது. சோர்வு, மலச்சிக்கல், எடை ஏற்றம், மந்தம் எல்லாமே ‘இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்’ என்ற பேச்சுக்குள் ஒளிந்துகொள்ளும். பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்த தைராய்டு சோதனை சரியாக இருந்தது என்பது ஐந்து வயதில் செல்லாது. ஆறாவது மாதத்தில் ஒருமுறை, ஒரு வயதில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் தினமும் ஒரு மாத்திரைதான் வைத்தியம்.