கொறங்காட்டுக் கணக்கு

ஒரு கழித்தல் கணக்கு போடுவோமா?

இரண்டு விவசாயிகள். முதலாமவர் டிராக்டர் வாடகை, விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றுக்காக 75,000 ரூபாயை 12 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினார். ஒரு வருடத்தில் 1,00,000 ரூபாய்க்கு விளைச்சலை விற்றார். இரண்டாமவர் கன்றும் ஆட்டுக்குட்டியும் விற்றது 40,000 ரூபாய்க்குத்தான்; ஆனால் செலவு 10,000. (கணக்குக்காக நானே போட்ட எண்கள் இவை.) அசலும் வட்டியும் போக முதலாமவருக்கு மிஞ்சியது 16,000 ரூபாய். இரண்டாமவருக்கோ 30,000! மழை பொய்த்துவிட்டால் முதலாமவருக்குக் கடன்தான் மிஞ்சும்.

இரண்டாமவருக்கு எப்படிச் செலவு குறைந்தது? முதலிபாளையத்தைத் தாண்டிக் காங்கயம், தாராபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். முள்கிளுவை உயிர்வேலிக்குள் மேய்ச்சல் நிலங்கள் இருக்கும். இவைதான் கொறங்காடுகள். இங்கே வளரும் கொழுக்கட்டைப் புல்லை வருடா வருடம் விதைக்க வேண்டாம். உதிர்ந்த விதை மழை பெய்ததும் தானே முளைக்கும். கோடையில் புல் காய்ந்தால் வெள்வேல மரத்தின் காய்கள் உதிர்ந்து ஆடுமாடுகளுக்குத் தீனியாகும். சாணமும் புழுக்கையும் அங்கேயே உரமாகிவிடும். பிறகு கடைக்குப் போக என்ன வேலை? காங்கயம் மாடுகள் வளர்ந்தது இந்தப் புல்லில்தான். பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று, ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாக மாறிவிடும்!

ஆனால் நம் கணக்கில் ஒன்றைச் சேர்க்கவில்லை. வீட்டார் உழைப்பு! கொறங்காட்டு வீட்டில் இருவர் தினமும் உழைத்தால், 30,000 ரூபாயை 2 பேருக்கும் 365 நாளுக்கும் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 41 ரூபாய்தான். முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலைக்குப் போனால் இதைவிடப் பல மடங்கு கிடைக்கும். இளைஞர்கள் ஆடு மேய்க்க வராததில் வியப்பென்ன?

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பழைய முறை மென்னோனைட் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மென்னோ சைமன்ஸ் பெயரால் அழைக்கப்படுபவர்கள். இன்றும் குதிரை வண்டியில்தான் பயணம். ஒரு வீட்டில் களஞ்சியம் கட்ட வேண்டுமென்றால் ஊரே கூடிக் கட்டிக்கொடுக்கும். கூலிச் செலவு மிச்சம். ஆனால் அங்கே பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பண்ணை வேலைக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் சிக்கனம் எனக்குப் பிடிக்கும். இந்த வழக்கத்தை மட்டும், ஆசிரியராக இருந்த என்னால் ஏற்க முடியாது.

நம் பக்கம் ஆள் இல்லாத வீட்டார் சிலர், மாடு வைத்திருப்பவருக்குக் கொறங்காட்டைக் குத்தகைக்கு விடுகிறார்கள். காடும் இருக்கும், பிள்ளைகளும் படிப்பார்கள். குத்தகை எவ்வளவு என்று உங்கள் அப்புச்சியிடம் கேட்டு, கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.