‘வேண்டாம்’ என்றால் அங்கே வேண்டாம்தான்

ஆடிக் கிருத்திகை நாட்களில் எங்கள் திருத்தணி வீட்டுக் கதவைச் சாத்தவே முடியாது. நகரி, புத்தூர், சித்தூர் பக்கமிருந்தும் அரக்கோணம், வேலூர் பக்கமிருந்தும் காவடி எடுத்து வருகிற சொந்தக்காரர்கள், அவர்களோடு கிளம்பி வந்த அக்கம்பக்கத்தார் என்று கூடம் முழுக்கப் பாய் விரித்திருக்கும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிக்கு முன்பு இந்த ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் உபசாரமும் இரண்டு மொழியில் நடக்கும். அம்மா ‘சாப்பிடுங்க’ என்பார், பாட்டி ‘தினண்டி’ என்பார். வந்தவர் ‘வேண்டாம், இப்பதான் சாப்பிட்டேன்’ என்பார். அதை யாரும் நம்புவதில்லை. நம்பவேண்டும் என்று அவரும் சொல்வதில்லை. மூன்றாம் முறை வற்புறுத்தியதும் இலைமுன் உட்கார்ந்துவிடுவார்.

இப்படிப் பழகிய நாம்தான் இப்போது வெளிநாட்டுக்குப் போய் முன்பின் தெரியாத குடும்பங்களின் வீட்டில் தங்குகிறோம். படிக்கப் போகும் பிள்ளைகள் சிலருக்குக் கல்லூரியே அப்படி ஒரு வீட்டைப் பார்த்துத் தருகிறது. ஊர் பார்க்கப் போகிறவர்களும் ஓட்டல் அறையில் முடங்குவதைவிட ஒரு வீட்டில் நாலு நாள் இருந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. அந்த ஊரில் பிள்ளையை எப்படி அதட்டுகிறார்கள், மழை வந்தால் துணியை எங்கே காயப்போடுகிறார்கள், இரவு எட்டு மணிக்கு வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு வீட்டுக்குள் இருந்தால்தான் பார்க்க முடியும். ஆனால் போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். அங்கே மூன்றாம் முறை கேட்கமாட்டார்கள்.

அது தெரியாமல் பசியோடு கிடந்தவர்களில் காந்தியும் ஒருவர். எங்கள் ஊரில் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளாக நாம் கொண்டாடுவது 1888 செப்டம்பர் 5. அதற்கு முந்திய நாள்தான் 18 வயது காந்தி பம்பாயில் கப்பல் ஏறினார். லண்டன் ஓட்டலில் அவரைப் பார்க்க வந்த டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா, படிப்பைக் காட்டிலும் இந்த நாட்டு வாழ்க்கையைப் பழகுவதுதான் முக்கியம், அதற்கு ஒரு குடும்பத்தோடு இருக்கவேண்டும் என்று யோசனை சொன்னார். ரிச்மண்டில் ஒரு நண்பரோடு கொஞ்ச நாள் இருந்து இங்கிலாந்து நடைமுறைகளைப் பழகிக்கொண்ட பிறகு, மேற்கு கென்சிங்டனில் கணவரை இழந்த ஓர் அம்மாவின் வீட்டுக்குக் குடிபோனார். புலால் உண்பதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கை அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவரும் அக்கறையாகவே பார்த்துக்கொண்டார், சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று தினமும் கேட்டார். ஆனால் தட்டில் வைத்ததற்கு மேல் கேட்க இவருக்குக் கூச்சம். அந்த வீட்டின் இரண்டு பெண்கள் ஒன்றிரண்டு ரொட்டித் துண்டு கூடுதலாக வைப்பார்களாம். முழு ரொட்டி இருந்தால்தான் பசி அடங்கும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இதையெல்லாம் பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதியவர் காந்தியே. வீட்டில் எல்லோரும் நல்லவர்கள். விருந்தாளி மட்டும் பட்டினி.

நம் கணிதமேதை ராமானுஜனுக்கும் அப்படியொரு வீடு வாய்த்தது. 1914-இன் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்ற வந்த கணிதவியலாளர் நெவில்தான் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரச் சம்மதிக்க வைத்தவர். ஏப்ரல் 14 அன்று ராமானுஜன் லண்டன் போய்ச் சேர்ந்தபோது நெவிலே வந்து அழைத்துக்கொண்டார். சில நாளில் கேம்பிரிட்ஜ் செஸ்டர்டன் சாலையில் தன் வீட்டிலேயே தங்கவும் வைத்துக்கொண்டார். புது நாட்டில் முதல் ஆறு வாரங்கள் நெவில் தம்பதியின் வீட்டில் கழிந்தன. அதன் பிறகுதான் டிரினிட்டி கல்லூரி அறைக்கு மாறினார்.

அந்த அறையில் நடந்ததைச் சொல்லவேண்டும். குளிரில் தூக்கம் வருவதில்லை என்று ராமானுஜன் சொல்ல, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் போய்ப் பார்த்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, விரித்துவைத்த கட்டிலின் மேல் அப்படியே படுத்திருக்கிறார் ராமானுஜன். கம்பளிகள் எல்லாம் அவருக்கு அடியில்! விரிப்பின் ஓரங்களை மெத்தைக்குக் கீழே இறுகச் செருகிவைத்து, தலைப்பக்கம் உரித்து உள்ளே நுழைந்து படுப்பது அந்த ஊர் வழக்கம். பாயில் படுத்து வளர்ந்தவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் தங்குவதால் கிடைக்கிற பெரிய லாபமே இதைக் கேட்க ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதுதான். கேட்காவிட்டால் அந்த லாபம் இல்லை.

விருந்தோம்புகிற இடத்தில் நாம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ராமானுஜனே சாட்சி. ஒருநாள் தன் அறைக்கு ஓர் இந்திய நண்பரையும் இரண்டு பெண்களையும் சாப்பிட அழைத்துத் தானே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு மூன்றாம் முறையும் ஊற்றப் போக, பெண்கள் போதும் என்றார்கள். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அவரைக் காணோம். வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து ஐந்து பவுண்டு கேட்டுத் தந்தி வந்தது. தன் கையால் வைத்ததை வேண்டாம் என்றது அவரை அவ்வளவு புண்படுத்தியிருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு இது புரியும். ஐரோப்பியருக்கோ, போதும் என்றால் போதும், அவ்வளவுதான்.

ஆகவே கிளம்பும் முன்பே, கடிதத்திலேயே, சாப்பாட்டு விஷயத்தைத் தெளிவாக எழுதிவிடுங்கள். ‘நான் சைவம்’ என்பது போதாது. பல ஊர்களில் சைவம் என்றால் முட்டை உண்டு. ஜப்பானில் காய்கறி சூப்பிலும் மீன் கொதித்த நீர் சேர்ந்திருக்கும். என்ன சாப்பிடமாட்டீர்கள் என்பதோடு என்ன சாப்பிடுவீர்கள் என்றும் எழுதுங்கள்: பால், தயிர், பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு. ஜெர்மனியில் பல வீடுகளில் சூடான சாப்பாடு மதியம்தான். இரவில் ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஊறவைத்த வெள்ளரிக்காய் என்று மேசையில் வைத்துவிடுவார்கள். ‘இதுதான் சாப்பாடா, இல்லை இனிமேல்தான் வருமா’ என்று காத்திருந்து பசியோடு படுக்கப் போகாதீர்கள். எடுத்துச் சாப்பிடுங்கள். பற்றாவிட்டால் ‘இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேளுங்கள். கேட்பதை அங்கே யாரும் கேவலமாக நினைப்பதில்லை, வீட்டுக்காரருக்கு நிம்மதியாகவே இருக்கும். ஒரு பண்டம் வேண்டுமென்றால் முதல் தடவையே வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

குளியலறை அடுத்த பாடம். நாம் வாளியில் தண்ணீர் பிடித்து, சொம்பால் மொண்டு, நாலு பக்கமும் தெறிக்கக் குளிக்கிறவர்கள். மேல்நாட்டு வீடுகள் பலவற்றில் குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழியே கிடையாது. தெறித்தால் மரத்தரை ஊறிக் கீழ்வீட்டுக் கூரையில் கசியும். தொட்டிக்குள் நின்று, திரையைத் தொட்டிக்கு உட்புறமாக விட்டுக்கொண்டு குளிக்கவேண்டும். ஜப்பானில் நேர் எதிர்: முதலில் தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறங்கவேண்டும். அந்தத் தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவார்கள். நீங்கள் குளித்து முடித்ததும் அடைப்பானைப் பிடுங்கிவிடாதீர்கள். மேல்நாட்டுக் கழிப்பறைகள் பலவற்றில் கழுவத் தண்ணீர் இருக்காது என்பதால் ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது. தலைக்கு எண்ணெய் தேய்த்துப் படுக்கிற பழக்கம் இருந்தால் தலையணைமேல் உங்கள் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கறையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அவர்களுக்கு ஒருநாள் நீங்களே சமைத்துப் போடுங்கள். எந்தப் பரிசுப்பொருளையும்விட அது பிடிக்கும். ஆனால் முதல்நாளே கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வறமிளகாய் தாளித்தால் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணி அலறும், தெருவே வந்து எட்டிப் பார்க்கும். சன்னலைத் திறந்து வைத்துத் தாளியுங்கள். ஊரிலிருந்து எடுத்துப் போவதிலும் கவனம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து பால்பண்டமும் இறைச்சியும் பயணப் பெட்டியில் கொண்டுபோக முடியாது. பால்கோவா அங்கேயே நின்றுவிடும், கறிவேப்பிலைக் கொத்துக்கும் இதே கதிதான். ஆஸ்திரேலியாவில் எந்த உணவுப் பொருளாக இருந்தாலும் இறங்கியதும் அறிவித்துவிடவேண்டும், மறைத்தால் அபராதம். பொடி வகை, முறுக்கு, ஒரு பித்தளை விளக்கு, கைத்தறித் துண்டு இவற்றால் பொதுவாகத் தொல்லை வராது.

எப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறோம் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். காசு வாங்கிக்கொண்டு அறை தருபவர்கள் ஒருவகை. அதில் காலை, இரவுச் சாப்பாடு சேர்த்தியா, துணி துவைக்கலாமா, விருந்தாளி வரலாமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காசே வாங்காத ஏற்பாடுகளும் உண்டு. 1949-இல் டென்மார்க்கில் தொடங்கிய ‘சர்வாஸ்’ அமைப்பு, போருக்குப் பிறகு நாடுகளுக்கிடையே பகை குறைய மக்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகவேண்டும் என்ற நோக்கத்தில் வந்தது. நேர்காணல் செய்து அறிமுகக் கடிதம் தருவார்கள், பொதுவாக இரண்டு இரவு தங்கலாம். பள்ளி மாணவர்களுக்கு ஏ.எஃப்.எஸ். அமைப்பு 1947 முதல் குடும்பங்களில் இடம் பார்த்துத் தருகிறது. இந்த வகைகளில் வீட்டுக்காரர் உங்கள் துணையை எதிர்பார்க்கிறார். சாவியை வாங்கிக்கொண்டு பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டுத் தூங்க மட்டும் திரும்புவது அவர்களுக்கு வருத்தம் தரும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில் எச்சரிக்கை தேவை. ‘தங்க இடம் தருகிறோம், குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும்’ என்பார்கள். சுற்றுலா விசாவில் போய் இப்படி இருப்பதைப் பல நாடுகள் வேலை என்றே கொள்ளும். விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

காகிதங்களில் முக்கியமானவை: பிரான்ஸில் ஒரு வீட்டில் தங்கப் போனால், வீட்டுக்காரர் தன் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று வாங்கி உங்களுக்கு அனுப்பவேண்டும், விசாவுக்கு அது தேவை. ஜெர்மனியில் உங்கள் செலவுக்கு வீட்டுக்காரர் பொறுப்பேற்பதாக அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுதித் தரலாம். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இத்தாலியில் உங்களைத் தங்க வைத்தவர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். காப்பீடு தவிர மற்றவை எல்லாம் வீட்டுக்காரர் அலைந்து செய்யவேண்டியவை. அதனால் கிளம்புவதற்கு முந்திய வாரத்தில் கேட்காதீர்கள், இரண்டு மூன்று மாதம் முன்பே கேளுங்கள். வீட்டு முகவரியை நம் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மனசுக்கு ஒத்துவராவிட்டால் அன்றிரவே வெளியேற ஓர் ஓட்டல் அறைக்கான பணம் தனியாகக் கையில் இருக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கு இதை இரட்டித்துச் சொல்கிறேன்.

நம் வீட்டுக்கு ஒருவர் வந்தாலும் சட்டம் உண்டு. வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு ஒருவர் வந்து தங்கினால், அது ஓட்டலானாலும் வீடானாலும், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியில் விவரம் தரவேண்டும். ‘சி’ படிவம் என்று வழங்கிவந்தது இதுதான். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் அந்தக் கடமை தொடர்கிறது. காசுக்கு அறை விட நினைப்பவர்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் இருக்கிறது. உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்கவேண்டும், விடும் அறைகள் ஆறுக்குமேல் போகக்கூடாது.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருமுறை ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி வந்து நாலு நாள் இருந்தார். முதல் நாள் மலையின் 365 படியும் ஏறி இறங்கிவிட்டு வந்து இலைமுன் உட்கார்ந்தார். வைத்ததை மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர், அதனால் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். இலை காலியாக இருந்தால் இன்னும் பசி என்று நினைப்பவர் பாட்டி, அதனால் மறுபடியும் வைத்தார். அவர் சாப்பிட, இவர் வைக்க, நான்காவது சுற்றில் அந்த அம்மாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. என் அம்மாதான் பார்த்துவிட்டு, இலையை எப்படி மடிப்பது என்று காட்டிக்கொடுத்தார். ‘சாலு’ என்று தெலுங்கில் சொன்னால் போதும் என்று அர்த்தம், அதைப் பாட்டியிடம் சொல்லுங்கள் என்றார்.

இரண்டு நாள் ‘சாலு’வும் மடித்த இலையுமாகப் போனது. பாட்டிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்று மதியம் அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர், யாரும் கேட்காமலே தலையை நிமிர்த்தி, விரலால் ஈயச்சொம்பைக் காட்டி, ‘பாட்டி, ரசம். கொஞ்சம்’ என்றார். பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பையே தூக்கிச் சாய்த்தார்.